சிவராசா ஞாபகார்த்தக் கிண்ணம்

ஜேர்மனியிலிருந்து கப்பலேறி வந்த அந்த மேசைக்குக் கிளிநொச்சியில் கிடைத்த முதல் மரியாதை, அதன் நாலு காலையும் வாளால் அறுத்ததுதான்.

வேறு வழி இருக்கவில்லை. கம்பிகளில் கோத்த பொம்மை வீரர்களைச் சுழற்றிப் பந்தடிக்கிற மேசை அது; நின்றுகொண்டு ஆடுகிறவர்களுக்காகச் செய்தது. வந்து இறங்கிய இடமோ, முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர்களின் சங்கம். அங்கே நிற்கக்கூடியவர்கள் என்றால் கூட்டிக்கொண்டு வந்த மனைவிமார் மட்டும்தான். சக்கர நாற்காலியில் இருந்து பார்த்தால் மேசையின் பக்கப்பலகை மூக்குக்கு நேரே நின்றது. உள்ளே பந்து ஓடுகிறதா பல்லி ஓடுகிறதா என்று தெரியவில்லை. சங்கத்தின் செயலாளர் அப்புத்துரை தச்சர் ஒருவரைக் கூப்பிட்டு, நாற்காலியின் கைப்பிடி உயரத்துக்கு அளந்து காட்டி, அறுக்கச் சொல்லிவிட்டார்.

"வன்னிக்கு வந்தா மேசைக்கும் கால் போகத்தானே வேணும்" என்றான் சக்கர நாற்காலியில் இருந்த மஸாஹிர்.

மண்டபம் முழுக்கச் சிரித்தது. நேசமலரும் தன் கணவர் சிவராசாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்மீதே ஆத்திரம் வந்தது.

மேசையை அனுப்பியவர் குகதாசன். ஒருகாலத்தில் அக்கராயன் உதைபந்தாட்டக் கழகத்தின் கோல் காப்பாளர். அதே கழகத்தில் முன்னுக்கு நின்று கோல் அடித்தவர் சிவராசா. ஒருவர் தக்க நேரத்தில் ஜேர்மனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். மற்றவர் தக்க நேரம் பார்க்கத் தெரியாதவர்; கல்யாணம் முடித்த அடுத்த வருசம் வலைஞர்மடத்துப் பதுங்குகுழி வாசலில் வெடித்த எறிகணைச் செல் ஒன்றின் துண்டு அவருடைய முதுகில் ஏறியது. அன்றைக்குக் கிடந்தவர்தான். கையும் தலையும் அவருடையவையாக இருந்தன. மிச்சம் நேசமலரின் பொறுப்பாயிற்று.

மேசை வந்த அன்று குகதாசன் வட்சப்பில் முகத்தைக் காட்டினார். கால் அறுபட்டதைக் கண்டு அவரே சிரித்துவிட்டார். மேசைக்கு மேலே சுவரில் பெயர் எழுதவேண்டும், இதை என்னவென்று சொல்வது என்று அப்புத்துரை கேட்டார்.

"நாங்கள் இஞ்ச கிக்கர் எண்டு சொல்லுறனாங்கள். அமெரிக்காக்காரர்தான் ஃபூஸ்பால் எண்டுறவை. அது உண்மையில ஜேர்மன் சொல்லு. முன்பாதி பாதம், பின்பாதி பந்து. ஆனா ஜேர்மன்காரன் அந்தச் சொல்லைச் சொன்னா, நிலத்தில ஓடி விளையாடுற உதைபந்தாட்டத்தைத்தான் சொல்லுறான். அமெரிக்காவுக்குப் போன இடத்தில அந்தப் பேர் மேசையில ஒட்டிப்போட்டுது."

"ஆர் அண்ணை இதைக் கண்டுபிடிச்சது?" என்று கேட்டான் மஸாஹிர்.

"கனபேர் தாங்கள்தான் எண்டு நிக்கினம். ஸ்பெயினில ஒரு கதை இருக்கு. சண்டை நேரம் குண்டில காயப்பட்ட ஒருத்தர் ஆஸ்பத்திரியில கிடந்தவராம். பக்கத்துக் கட்டில்களில கால் போன பிள்ளையள். இனிப் பந்தடிக்கேலாது எண்டு அதுகள் அழ, அதுகளுக்காக யோசிச்சுச் செய்விச்சவராம். உண்மை பொய் எனக்குத் தெரியாது."

அந்த ஆஸ்பத்திரியை அங்கே இருந்த எல்லோரும் வேறு வேறு ஊரில் கண்டிருந்தார்கள்.

"உண்மையோ பொய்யோ, அதை விடு" என்றார் சிவராசா. "பேர் உதைபந்தாட்டம் எண்டுதானே சொல்லுறாய்? அப்ப முன்னுக்கு மேசை எண்டு ஒரு சொல்லுப் போடவேண்டாம் அப்புத்துரையண்ணை. உதைபந்தாட்டம் எண்டே எழுதுங்கோ."

அப்புத்துரை அப்படியே எழுதுவித்தார். நீல எழுத்து. சிவராசா அதை எழுத்துக்கூட்டுகிற பிள்ளையைப்போலத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். பெயரில் என்ன கிடக்கிறது என்று கேட்பவர்கள் அந்த முகத்தைப் பார்க்காதவர்கள். இது பொழுதுபோக்கு இல்லை, உண்மையான ஆட்டம் என்று அந்தச் சுவர் அவருக்குச் சொல்லிவிட்டது. ஆட்டம் என்றால் பயிற்சி, எதிரணி, கிண்ணம் எல்லாம் உண்டு. சின்னக் காயத்துக்கெல்லாம் மைதானத்தை விட்டு வெளியேறுகிற பழக்கம் அவரிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

இங்கேதான் வினை இருந்தது. அந்தச் சங்கத்து ஆட்களுக்குப் பின்புறத்தில் வலி தெரியாது. வீட்டில் நாய் இல்லாதவன் கள்ளன் வந்துபோனதை விடிந்த பிறகுதான் அறிவான். அதுபோல இவர்களுக்கும் தோல் அழுகிய பிறகுதான் சங்கதி தெரியும். ஒரே இடத்தில் இருந்தால் எலும்பு அழுத்தி இரத்தம் நின்றுவிடும். பிறகு புண். அதற்காகவே சங்கத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் அப்புத்துரை மணியை அடித்து "தூக்கு!" என்று கத்துவார். உடனே எல்லோரும் நாற்காலியின் கைப்பிடிகளில் இரண்டு கையையும் ஊன்றி, உடம்பை மேலே தூக்கிப் பிடிப்பார்கள். கூட்டம் நடந்தாலும், யாராவது பெரிய ஆள் வந்து பேசிக்கொண்டிருந்தாலும், மணி அடித்தால் தூக்கித்தான் ஆகவேண்டும். தெரியாமல் வருகிற பேச்சாளர் தனக்குத்தான் மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துக் கும்பிட்டதும் உண்டு.

மேசை வந்த பிறகு ஒரு சிக்கல் வந்தது: கைகள் கம்பியில் இருந்தன. நடுவில் ஐந்து பேரைக் கோத்த கம்பியும் முன்னால் மூன்று பேரைக் கோத்த கம்பியும் சிவராசாவிடம். பின்னால் காக்கிற கம்பிகள் மஸாஹிரிடம். பந்து ஓடும்போது கம்பியை விட்டுவிட்டு யார் தூக்குவது? அப்புத்துரை மணி அடிப்பார்; "ஓமோம்" என்று சிவராசா சொல்லுவார்; பந்து தொடர்ந்து ஓடும்.

மஸாஹிரும் அவரும் அப்படி ஒரு சோடி. மஸாஹிர் முல்லைத்தீவுப் பையன். வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது போய், குடும்பமாகப் புத்தளத்தில் கிடந்து, கனகாலத்துக்குப் பிறகு ஊர் திரும்பி, சொந்த வளவில் வீட்டைக் கட்டிக் கூரைக்கு ஓடு போடும்போது விழுந்தவன். "சண்டை முடியும்வரைக்கும் பத்திரமா இருந்திட்டு, சமாதானத்தில விழுந்தனான்" என்று தன்னைத் தானே நக்கலடிப்பான். அவன் தடுத்துக் கொடுத்தால் சிவராசா அடிப்பார். முரசுமோட்டையிலிருந்து வந்த அணியையும் முல்லைத்தீவு அணியையும் வெட்கப்படுகிற மாதிரி அடித்து அனுப்பினார்கள்.

வீட்டிலும் ஆள் மாறிவிட்டார். தானே முகம் வழித்தார். சோற்றைக் குறை சொன்னார். பல வருசமாகக் குறை சொல்லாமல், ஆசைப்பட்டு ஒன்றைக் கேட்காமல், கூரையைப் பார்த்துக் கிடந்த மனிதர் "இண்டைக்குக் குழம்பில உப்பு இல்லை மலர்" என்றபோது நேசமலர் குசினிக்குள் போய் நின்று அழுதாள். அவளுடைய பெயரை அவர் பாதியாக்கிக் கூப்பிட்டது கல்யாணம் முடித்த அந்த ஒரு வருசத்தில்தான். அது திரும்பி வரும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

ஒவ்வொரு காலையும் குளிப்பாட்டியதும் அவரைப் புரட்டிப்போட்டுத் தோலைப் பார்ப்பது அவளுடைய வேலை. வவுனியா அணியோடு இறுதிப் போட்டிக்கு ஒரு கிழமை இருக்கும்போது, இடப்பக்க இருக்கை எலும்பின் மேல் புளியங்கொட்டை அளவில் ஒரு சிவப்பைக் கண்டாள். விரலால் அமத்தினாள். அமத்தினால் வெளுத்துத் திரும்பச் சிவக்கவேண்டும். அது வெளுக்கவில்லை.

அதற்குரிய சட்டம் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். குப்புறப் படுக்கவேண்டும். சிவப்பு மறையும்வரைக்கும் நாற்காலியில் ஏறக்கூடாது.

அன்றைக்கே நாற்காலியைத் துடைக்கப்போனவளுக்கு இன்னொன்றும் அகப்பட்டது. புண் வராமல் இருக்கப் போடுகிற காற்றடைத்த மெத்தையை அவர் நாற்காலியின் பின்பைக்குள் சுருட்டி வைத்திருந்தார். அதற்குப் பதிலாக இருக்கையில் ஒரு பலகை, மேலே துவாய். மேசையின் கால் அறுத்ததில் மிஞ்சிய துண்டுகளை அடித்துச் செய்த பலகை.

"என்னப்பா இது?"

"மெத்தையில இருந்தா ஆடுது. அடிக்கிறவனுக்குக் கீழ உறுதியா இருக்கவேணும். காலை ஊண்டாமல் ஆராவது பந்தடிப்பினமே?"

"உங்களுக்குப் புண் வரப்போகுது. நான் அப்புத்துரையண்ணைக்கு இப்பவே போன் எடுக்கிறன்."

அவர் திரும்பிப் பார்த்தார். நேசமலர் அந்தப் பார்வையை அதற்கு முன்னர் கண்டதில்லை. செல் விழுந்த அன்று அவர் அப்படிப் பார்க்கவில்லை. முகாமில் நாட்கணக்காகக் கழுவாமல் கிடந்தபோதும் பார்க்கவில்லை. வாய்க்குள் வைத்த கவளத்தைத் தோண்டி எடுக்க வந்தவளைப் பார்க்கிற பார்வை. அதில் வெறுப்பு மட்டும்தான் இருந்தது.

அவளுடைய கை போனிலேயே நின்றது. கொஞ்சநேரத்தில் அவருடைய குரல் இறங்கியது.

"மலர், செல் விழுந்தாப்பிறகு உன்னட்ட நான் ஏதாவது கேட்டனானோ?"

"இல்லை."

"இதைக் கேக்கிறன். ஒரு கிழமை. பேந்து ஒரு மாசமெண்டாலும் நீ சொல்லுற பக்கம் கிடக்கிறன். சொல்லாத."

அவள் சொல்லவில்லை. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டாள். பலகைக்கு மேல் இன்னொரு துவாயை மடித்து வைத்தாள். அவருக்காகத்தான் செய்தேன் என்று பிறகு எத்தனையோ தரம் தனக்குள்ளே சொல்லிப் பார்த்தாள். அது பாதிதான் உண்மை. உப்பில்லை என்று சொல்லுகிற அந்தப் புருசனை இழக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்தப் பார்வையை இன்னொருதரம் வாங்கவும் பயம்.

இறுதிப் போட்டி நெளுக்குளத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வவுனியா அணிக்கு நல்ல கை. ஆட்டம் சரிக்குச் சரியாக ஏறிக்கொண்டே போயிற்று. அப்புத்துரை ஆட்டத்தை மறித்து மணியை அடித்து "தூக்கு!" என்றார். எதிரில் இருந்த இருவரும் கையை ஊன்றி உயர்ந்தார்கள். மஸாஹிரும் உயர்ந்தான். சிவராசாவும் கையை ஊன்றினார். அவருடைய தோள்கள் இரண்டும் காது வரைக்கும் ஏறின. இடுப்பு பலகையை விட்டு அசையவேயில்லை. அது வெறும் நடிப்பு என்று அந்த மண்டபத்தில் நேசமலருக்கு மட்டும் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவள் மேசையைப் பார்க்கவில்லை. அந்தத் தோள்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. மஸாஹிர் "அல்லாஹ்!" என்று கத்திக்கொண்டு நாற்காலியோடு சுழன்றான். சிவராசா கம்பியை விடாமல், தலையைக் கவிழ்த்து, குலுங்கிக் குலுங்கி அழுதார். கிண்ணத்தை அவருடைய மடியில் வைத்தார்கள்.

வான் வண்டியில் திரும்பி வரும்போதே அவளுக்குச் சீழ் மணத்தது. ஆட்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். அவள் யன்னலைத் திறந்துவிட்டாள். வீட்டில் இறக்கிப் புரட்டியபோது இரண்டு துவாயும் நனைந்து பலகையோடு ஒட்டியிருந்தன. புளியங்கொட்டை இருந்த இடத்தில் ஒரு சின்ன வாய். பெரியாஸ்பத்திரியில் டொக்டர் கையுறை போட்ட விரலை அதற்குள் விட்டார். விரல் முழுவதும் உள்ளே போயிற்று. எலும்பு வரைக்கும் போய்விட்டது, இரத்தத்திலும் கிருமி ஏறிவிட்டது என்றார். யாருடைய குரலிலும் கோபம் இல்லை. கோபித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

குப்புறக் கிடந்த சிவராசா காய்ச்சலின் நடுவில் ஒருதரம் முகத்தைத் திருப்பினார்.

"மலர், கடைசிக் கோல் பாத்தனியே?"

"பாத்தன்."

"எப்பிடி?"

"நல்லா இருந்தது" என்றாள். அவள் பார்க்கவேயில்லை.

சொன்னபடியே ஒரு மாசம் கிடக்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அந்தக் கிழமைக்குள்ளேயே போய்விட்டார்.

செத்தவீட்டுக்குச் சக்கர நாற்காலிகள் வரிசையாக வந்தன. "ஆசைப்பட்டதை அடிச்சுப்போட்டுத்தானே போனவர்" என்று ஆறுதல் சொன்னார்கள். நேசமலருக்கு ஒவ்வொருவருடைய வாயையும் பொத்தவேண்டும்போல இருந்தது. பலகையை அடுப்பில் வைத்தாள்; ஜேர்மன் மரம் லேசில் பிடிக்கவில்லை, புகைந்து புகைந்துதான் எரிந்தது. குகதாசன் போனில் அழுதார். அந்த ஸ்பெயின் ஆஸ்பத்திரியில் கால் போன பிள்ளைகளுக்குப் பிறகு என்ன நடந்தது, யாராவது விசாரித்தார்களா என்று அவரிடம் கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. பாவம், மேசை அனுப்பியதைத் தவிர அவர் என்ன செய்தார்?

வருசம் திரும்பியது. அப்புத்துரை வீட்டுக்கு வந்தார். "அமரர் சிவராசா ஞாபகார்த்தக் கிண்ணம் வைக்கிறம் பிள்ளை. இறுதி ஆட்டத்துக்கு நீங்கள்தான் பிரதம விருந்தினர். முதல் பந்தைப் போட்டு நீங்கள்தான் தொடக்கிவைக்கவேணும்" என்றார். வன்னியில் எந்த மைதானத்திலும் உள்ள வழக்கம் அது. விருந்தினர் வீரர்களுக்குக் கைகொடுத்து முதல் பந்தை உதைத்துவிட்டால்தான் ஆட்டம் தொடங்கும். அவள் மாட்டேன் என்றாள். மஸாஹிர் வந்து கேட்டான். அவனிடம் அவளால் மறுக்க முடியவில்லை.

மண்டபத்தில் நீல எழுத்து மங்காமல் இருந்தது. அதற்குக் கீழே சிவராசாவின் படம், மாலை, மெழுகுவர்த்தி. மஸாஹிரோடு இந்தமுறை முன்னால் ஆடுகிறவன் லக்ஷன் என்ற இளந்தாரி. ஏ ஒன்பது வீதியில் மோட்டார்சைக்கிளால் விழுந்தவன். முந்திய அணிகளை எல்லாம் அவன்தான் அடித்து முடித்தான், அவனுடைய கை அப்படியே சிவராசாவின் கை என்று ஆட்கள் கதைத்தார்கள். அவனுடைய மனைவி கௌசலா, கல்யாணத்துச் சங்கிலியின் மினுக்கம் இன்னும் போகாத பெட்டை, தேத்தண்ணிக் கோப்பையோடு நேசமலருக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அக்கா, ஒண்டு கேக்கட்டே? சிவராசா அண்ணைக்குச் சிவப்பு வந்த நேரம் நீங்கள் என்ன பூசினனீங்கள்?"

நேசமலர் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஏன் கேக்கிறாய்?"

"சும்மா."

"கௌசலா."

"சின்னனாத்தான் இருக்குதக்கா. ரெண்டு மூண்டு நாளா. அமத்தினா வெளுக்குதில்லை. சொன்னா நிப்பாட்டிப்போடுவினம் எண்டு சண்டை பிடிக்கிறார். இண்டைக்கு மட்டும்தானேயக்கா. முடிஞ்சவுடன படுக்கிறன் எண்டு சத்தியம் செய்து தந்தவர். நீங்கள் ஆரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ." அவள் நேசமலரின் கையைப் பிடித்தாள். "எவ்வளவு காலத்துக்குப் பிறகு சிரிக்கிறார் தெரியுமே?"

அதற்குள் ஒலிபெருக்கியில் அவளுடைய பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவள் எழுந்து போனாள். வீரர்களுக்குக் கைகொடுத்தாள். மஸாஹிரின் கை குளிர்ந்திருந்தது. லக்ஷனின் கை சுட்டது. அவன் அவளைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். அப்புத்துரை பந்தை அவளுடைய கையில் வைத்தார். மரப்பந்து, தேசிக்காயளவுகூட இல்லை. மேசையின் பக்கத்தில் ஒரு துளை; அதில் விட்டால் பந்து நடுவில் போய் விழும். எல்லோரும் கைதட்டத் தயாராக இருந்தார்கள். படத்திலிருந்த சிவராசாவும் அவசரப்படுகிற மாதிரித்தான் அவளுக்குப் பட்டது.

அவள் துளைக்கு மேலே கையைக் கொண்டுபோனாள். பிறகு கையை மூடிக்கொண்டாள்.

"அப்புத்துரையண்ணை, லக்ஷனை இறக்கிப் படுக்க வையுங்கோ. அவருக்குச் சிவப்பு வந்திட்டுது. அமத்தினா வெளுக்குதில்லையாம்."

ஒலிவாங்கி பக்கத்தில் இருந்தபடியால் அது வாசல் வரைக்கும் கேட்டது. கௌசலா "அக்கா!" என்று கத்தினாள். மஸாஹிர் இரண்டு கம்பியிலிருந்தும் கையை எடுத்து முகத்தைப் பொத்தினான். லக்ஷனின் சிரிப்பு நின்றது. அவன் முதலில் மனைவியைப் பார்த்தான். பிறகு நேசமலரைப் பார்த்தான்.

அதே பார்வை. ஆள்தான் வேறு. வாய்க்குள் வைத்த கவளத்தைத் தோண்டி எடுக்க வந்தவளைப் பார்க்கிற அதே பார்வை. போன வருசம் அதை ஒருதரம் வாங்கிவிட்டு, இரண்டாம் தரத்துக்குப் பயந்து, அவள் சிவராசாவைச் சாகக் கொடுத்துவிட்டாள். இந்தமுறை கண்ணை எடுக்காமல் நின்றாள்.

"உங்களுக்கென்ன பைத்தியமே?" என்றான் லக்ஷன். "உங்கட மனுசன் ஆடினவர்தானே? அவரை ஆட விட்டனீங்கள்தானே? என்னை மட்டும் ஏன்..."

அப்புத்துரை நேசமலரின் முகத்தைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்கு எல்லாம் விளங்கியது. அவர் தலை குனிந்துகொண்டார்.

"ஓம் தம்பி, விட்டனான்" என்றாள் நேசமலர். "நீ என்னைத் திட்டு. வாயில வந்தபடி திட்டு. குப்புறக் கிடந்துகொண்டு திட்டு, வருசக்கணக்கா உயிரோட இருந்து திட்டு, நான் வந்து கேக்கிறன்."

அவன் திட்டினான். இரண்டு பேர் அவனுடைய நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள் அறைக்குப் போகும்வரைக்கும், கதவைச் சாத்திய பிறகும், திட்டிக்கொண்டே இருந்தான். கௌசலா அவளைத் திரும்பிப் பாராமல் பின்னால் ஓடினாள். நேசமலர் பந்தைக் கைக்குள் வைத்தபடி, அந்தக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.